ஒரு ரூபாய் வெட்டு

ஏரிநாட்டில் அரசு விழுந்த நான்காம் நாள் காலை, சுயேச்சை உறுப்பினர் அம்பலத்தரசு தன் குருவைப் பார்க்க மடத்துக்குப் போனார். சீடருக்கு வயது அறுபத்தொன்று. குரு தையல்நாயகி அவரைவிடப் பத்தொன்பது வயது இளையவர். அதைப் பற்றி ஊரார்தான் கவலைப்பட்டார்கள்; அவர்கள் இருவரும் பட்டதில்லை.

மாதம் பிறந்தால் மடத்து முற்றத்தில்தான் முதியோர் பென்ஷன் கொடுப்பார்கள். இந்த மாதம் கொடுக்க ஆள் வரவில்லை. வாங்க வந்தவர்கள் மட்டும் வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள்.

அம்பலத்தரசுவுக்கு முன்பே இரண்டு கார்கள் வந்து நின்றிருந்தன. ஒன்றில் வந்தவர் குடைக் கட்சிச் செயலாளர் பரஞ்சோதி. விழுந்தது அவர்கள் அரசு. மற்றதில் வந்தவர் எதிர்க்கட்சியான மணிக் கட்சியின் குலசேகரன். சீடரை எங்கே பிடிக்கலாம் என்பது இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

"என்ன நடந்ததுன்னு நீங்களே சொல்லுங்க," என்றார் குரு.

"மணல்தீவுக்கு ஒரு ஆஸ்பத்திரிப் படகு கேட்டேன், அம்மா. மூணு வருஷமாக் கேக்கறேன். இந்த பட்ஜெட்லயும் இல்ல. அதனால ஒரு ரூபாய் வெட்டுத் தீர்மானம் கொடுத்தேன்."

ஏரிநாட்டு அவையில் அது ஒரு வழக்கம். குறை உள்ள உறுப்பினர், அந்தத் துறைக்கு ஒதுக்கிய தொகையில் ஒரு ரூபாயைக் குறைக்கச் சொல்லித் தீர்மானம் கொடுப்பார். அமைச்சர் எழுந்து, ஆவன செய்யப்படும் என்பார். உறுப்பினர் தீர்மானத்தை வாபஸ் வாங்கிக்கொள்வார். அறுபது வருடத்தில் ஒரு ரூபாய்கூடக் குறைந்ததில்லை. ஆவன செய்யப்பட்டதும் இல்லை.

"அமைச்சர் என்ன சொன்னார்?"

"நாப்பது வீட்டுக்கு ஒரு படகான்னு சிரிச்சார். அவையே சிரிச்சுது. நான் வாபஸ் வாங்கல."

அதனால் ஓட்டெடுப்பு நடந்தது. எப்படியும் வாபஸ்தானே என்று குடைக் கட்சி உறுப்பினர்கள் இரண்டு பேர் கேன்டீனில் போண்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அதுவோ பெரும்பான்மை இல்லாத அரசு. மணிக் கட்சியினர் வேடிக்கையாகக் கை தூக்கினார்கள். எண்ணிப் பார்த்தால் ஒரு ஓட்டு வித்தியாசம். ஒரு ரூபாய் குறைந்தது, பட்ஜெட் தோற்றது, அரசு கவிழ்ந்தது. தூக்கிய கையை இறக்க மணிக் கட்சியினருக்கே கொஞ்ச நேரம் பிடித்தது.

"எல்லாம் இவங்க சதி," என்றார் பரஞ்சோதி. "நல்ல மனுஷரைத் தூண்டிவிட்டுட்டாங்க. அதை மட்டும் ஐயா வாய் திறந்து சொல்லட்டும். வர்ற தேர்தல்ல குடைச் சின்னம் அவருக்குத்தான்."

"சதியா?" என்று பாய்ந்தார் குலசேகரன். "போண்டாவுக்காக அரசைக் கவுத்தது யாரு? 'நான் வாபஸ் வாங்கத்தான் இருந்தேன், குடைக் கட்சிக்காரங்க ஓடிப்போயிட்டாங்க'ன்னு ஐயா சொல்லட்டும். மணிச் சின்னம் ரெடியா இருக்கு."

அம்பலத்தரசு குரலைத் தாழ்த்தினார். "கட்சிச் சின்னம் இல்லாம நின்னா இந்தத் தடவை டெபாசிட்கூடத் தேறாது, அம்மா. நீங்க சொல்லுங்க, அரசை விழவெச்சது யாரு?"

குரு எழுந்து முற்றத்தின் நடுவுக்கு வந்தார்.

"ஓட்டுக்கு விடறேன். பழியை ஏத்துக்கறவங்க கை தூக்குங்க."

பரஞ்சோதி கைகளைக் கட்டிக்கொண்டார். குலசேகரன் செல்போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். அது அடிக்கவே இல்லை.

"ஏத்துக்காதவங்க?"

இரண்டு கைகள் சட்டென்று உயர்ந்தன.

"அப்போ பழி யாருக்கும் இல்ல. யாருமே தள்ளலேன்னா அரசு விழவே இல்ல. போய்ப் பென்ஷனைக் கொண்டாங்க. இவங்க காலையிலேருந்து உக்காந்திருக்காங்க."

"அதெப்படிம்மா? விழுந்துடுச்சே!" என்றார் பரஞ்சோதி.

"யாரால?"

பரஞ்சோதி குலசேகரனைக் காட்டினார். குலசேகரன் பரஞ்சோதியைக் காட்டினார்.

"இதுக்கு மட்டும் கை நல்லா நீளுது," என்றாள் முன்வரிசையில் இருந்த பேச்சியம்மாள். அவளுக்கு எண்பது வயது இருக்கும்.

அப்போது அம்பலத்தரசு கை தூக்கினார்.

"ஓட்டெடுப்பு முடிஞ்சுபோச்சு," என்றார் குலசேகரன் அவசரமாக.

"நான் இன்னும் எண்ணி முடிக்கல," என்றார் குரு.

அம்பலத்தரசுவின் கை இறங்கவில்லை.

"நான்தான்," என்றார். "வாபஸ் வாங்கறீங்களான்னு சபாநாயகர் மூணு தடவை கேட்டார். மூணும் காதுல விழுந்துது. ரெண்டு பேர் எழுந்து வெளியே போனதையும் பார்த்தேன். என்னை யாரும் தூண்டல. விழும்னு தெரியாதுன்னு சொன்னா அது பொய். விழட்டும்னு நெனச்சேன். போன மழையில தீவுல பூரணின்னு ஒரு பொண்ணு, பிரசவ வலியோட கரையிலேயே கிடந்து செத்தா. அவ பேரைச் சொல்லித்தான் படகு கேட்டேன். அதுக்குத்தான் சிரிச்சாங்க. நாளைக்கே திரும்பக் கேட்டாலும் வாபஸ் வாங்க மாட்டேன். உங்க சின்னம் ரெண்டும் உங்ககிட்டயே இருக்கட்டும்."

"இனி இவருக்கு எந்தச் சின்னமும் கிடையாது," என்றார் பரஞ்சோதி.

"கிடையவே கிடையாது," என்றார் குலசேகரன். நான்கு நாளில் இரண்டு கட்சிகளும் ஒத்துப்போனது இந்த ஒரு விஷயத்தில்தான். கார்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பின.

அம்பலத்தரசுவுக்கு நெஞ்சு லேசாகியிருந்தது. அது அரை நிமிடம்கூட நீடிக்கவில்லை.

பேச்சியம்மாள் எழுந்து வந்து அவர் எதிரே நின்றாள். "ஏய்யா, என் பென்ஷனை நிறுத்தினது நீதானா? உன் படகுக்கு என் கஞ்சிதான் கெடச்சுதா?"

நியாயமான கேள்வி.

"அந்தப் பொண்ணு பாவந்தான். நான் பாவமில்லையா?"

"பாவந்தான், ஆத்தா."

"எப்போ வரும், சொல்லு. இதுக்கு எந்த ஆபீசரைப் பாக்கணும்? எங்களையும் கூட்டிக்கிட்டுப் போ."

மற்றவர்களும் எழுந்து சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி மருந்துச் சீட்டை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். ஒருவர் அவர் காலரைப் பிடித்து இழுத்ததில் பித்தான் ஒன்று தெறித்து விழுந்தது. பக்கத்தில் இருந்தவர் அவர் சட்டையின் தோள்பட்டையைப் பிடித்துக்கொண்டார்.

"அம்மா!" என்று கத்தினார் அம்பலத்தரசு. "நான் உண்மையைச் சொன்னேன். சட்டையைப் பிடிக்கறாங்களே!"

"பிடிக்கட்டும்," என்றார் குரு. "மத்த சட்டையெல்லாம் காரேறிப் போயிடுச்சு. இத்தனை வருஷத்துல அவங்க கைக்கு ஒரு ஆள் அகப்பட்டது இன்னிக்குத்தான்."