மேட்டுக் கிணறு

"இன்னும் எத்தனை நாள்தான் மேடம் இதை வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பீங்க? ஒரே ஒரு கையெழுத்து!"

கோதண்டபாணிக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது. வயது ஐம்பத்திரண்டு. சிமென்ட் கம்பெனி வேலையை உதறிவிட்டு, மண்ணையும் தண்ணீரையும் சோதிக்கக் கற்றுக்கொள்கிறேன் என்று மெகருன்னிசாவிடம் வந்து சேர்ந்தவர். ஆசிரியைக்கு அவரைவிட நாலே வயதுதான் கூட.

அறிக்கை, மூடிக்கிடக்கும் ஒரு தோல் பதனிடும் ஆலையைப் பற்றியது. அந்த இடத்தில் மனை போடப் போகிறார்கள்.

"பக்கத்துல மேட்டுத் தெரு இருக்கு மேடம். அங்கே தேசம்மான்னு ஒருத்தங்க. பொண்ணு தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கா. எங்க கிணத்துத் தண்ணி நல்லதுதானேன்னு தினமும் என்னைப் புடிச்சுக் கேக்குறாங்க. என்ன பதில் சொல்றது?"

"ஆலைக்குள்ளே எத்தனை கிணறு?"

"நாலு."

"தோல் பதனிடுற குரோமியம் இருக்கா?"

"நாலுலயும் இருக்கு. ஆனா தேசம்மா கிணத்துலயும் அதே அளவுதான் இருக்கு. அப்போ ஆலை எதையும் கெடுக்கலே. மண்ணோட இயல்பே அப்படி."

"அந்த மேட்டுக் கிணத்துக்கு ஆலைக் கழிவு போகலேன்னு யார் சொன்னது?"

கோதண்டபாணி சிரித்துவிட்டார். பையிலிருந்து பழுப்பேறிய காகிதக்கட்டு ஒன்றை எடுத்து மேசையில் போட்டார்.

"சரியாப் போச்சு! நீங்கதான் சொன்னீங்க. பதினெட்டு வருஷத்துக்கு முன்னாடி, ஆலையை மூடினப்போ. தண்ணி மேட்டுலேருந்து பள்ளத்துக்குத்தான் போகும், கழிவு மேலே ஏறாது, தாராளமாக் குடிக்கலாம், ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் சரியான கிணறு. எல்லாம் உங்க வார்த்தை மேடம். நான் ஒரு எழுத்தும் மாத்தலே."

மெகருன்னிசா கடைசிப் பக்கத்தைப் புரட்டித் தன் பழைய கையெழுத்தைப் பார்த்தார்.

"மேட்டைத் தோண்டினீங்களா?"

"ஆலைக்குள்ளே பதினாறு இடத்துல தோண்டினேன். மேடு வெளியேல்ல இருக்கு? அதை எதுக்கு?"

"அன்னிக்கு நானும் தோண்டலே," என்றார் மெகருன்னிசா. "வண்டியை எடுங்க."

மேட்டில் ஏழெட்டு வீடுகள். கிணற்றுக்குப் பத்தடி தள்ளி, கோதண்டபாணி மண் துளைக்கும் கருவியை முணுமுணுத்துக்கொண்டே திருகினார்.

முதல் அடியில் செம்மண். இரண்டாம் அடியிலும் செம்மண்.

மூன்றாம் அடியில் நீலமாக ஏதோ ஒட்டிக்கொண்டு வந்தது. தோல் சீவல். குரோமியத்தில் பதனிட்ட தோல் அந்த நிறத்தில்தான் இருக்கும்.

இன்னொரு இடத்தில் தோண்டினார். அங்கேயும் அதே நீலம்தான்.

அது மேடே இல்லை. ஆலைக்காரர்கள் வருஷக்கணக்காகக் கழிவைக் கொட்டி, மேலே செம்மண் போட்டு மூடிய குவியல். அதன் மேல்தான் வீடுகள் வந்திருக்கின்றன, கிணறும் வெட்டியிருக்கிறார்கள்.

"அடக் கடவுளே!" என்றார் கோதண்டபாணி. பிறகு குரலைத் தாழ்த்தினார். "மேடம், அப்போ நல்லா இருந்துச்சு, நடுவுல எப்பவோ கெட்டுப்போச்சுன்னு எழுதிடலாம். யாருக்குத் தெரியப்போகுது?"

மெகருன்னிசா எழுந்து தேசம்மாவின் வீட்டுக்கு நடந்தார். தேசம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். பின்னால் நிறைமாத வயிற்றோடு மகள்.

"தேசம்மா, இனிமே இந்தத் தண்ணியக் குடிக்காதீங்க. சமைக்கவும் வேணாம். இன்னிக்கே லாரித் தண்ணிக்கு ஏற்பாடு பண்றேன்."

தேசம்மா மகளைத் திரும்பிப் பார்த்தாள். "கெட்டுப்போச்சாம்மா? எப்போலேருந்து?"

கோதண்டபாணி இருமினார்.

"நான் அன்னிக்கு வந்தப்பவே கெட்டுத்தான் இருந்துச்சு. நான்தான் தப்பா எழுதிட்டேன்," என்றார் மெகருன்னிசா.

"நீங்க ஒண்ணுமில்லேன்னு எழுதினத நம்பித்தானே தெருவே இங்க தண்ணி இறைக்குது? இவளுக்கு அப்போ நாலு வயசு!"

"என் தப்புதாம்மா. மன்னிச்சிடுங்கன்னு கேக்கக்கூட எனக்கு வாய் வரலே."

மகள் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு உள்ளே போனாள். தேசம்மா வாசற்படியில் உட்கார்ந்தாள். கத்தியிருந்தால் தேவலை என்று கோதண்டபாணிக்குத் தோன்றியது.

"அன்னிக்கு நல்ல வெயிலு," என்றாள் தேசம்மா கடைசியில். "உங்களுக்கு ஒரு சொம்பு தண்ணி மொண்டு குடுத்தேன். வேணாம்னுட்டீங்க. எங்க வீட்டுத் தண்ணி உங்களுக்கு ஆவாது போலன்னு நெனச்சு, ரெண்டு நாள் மனசே சரியில்ல."

"ஐயோ, அப்படி இல்லம்மா!" மெகருன்னிசா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "சோதிக்கப் போற ஊர்ல நாங்க யாருமே தண்ணி குடிக்க மாட்டோம். தொழில்ல முதல் பாடமே அதுதான். இவருக்கும் முதல் நாள் அதைத்தான் சொல்லிக் குடுத்தேன்."

தேசம்மா மெல்லக் கையை விடுவித்துக்கொண்டாள்.

"அத எங்களுக்கும் சொல்லிக் குடுத்திருக்கலாமேம்மா."