கருப்பிக்கு வந்த எரிச்சல்

கதை கட்டிவிடுதேங்கியா ராஜம்? நான் கட்டிவிடுததுன்னா இதவிட நல்லாவே கட்டிவிடுவேன். நடுவுல ஒரு தேவதூதன எறக்கிருப்பேன். கோழியக் கொண்டாந்தா வைப்பேன்?

"கர்த்தருக்குப் போயி எரிச்சல் வருமா மைனி"ன்னு கேக்க. சின்னப் பிள்ளைல பத்துக் கட்டளைய நீயும்தான ஒப்பிச்ச? அதுக்குள்ளயே கெடக்கு. எரிச்சலுள்ள தேவன். வாயி ஒப்பிச்சிச்சு, காது கேக்கல போல. அந்த ஒரு வார்த்தையப் பிடிச்சுக்கிட்டுதான் சுகிர்தம் உபதேசியார் வீட்டு முத்தத்துல வந்து நின்னா. நான் முருங்கக்கீர ஒடிக்கப் போயிருந்தேன். என் கண்ணால பாத்தேன். கீர ஒடிக்க எதுக்கு அவ்வளவு நேரம்னு கேக்காத. நல்ல கொழுந்தாப் பாத்து ஒடிக்கணும்லா?

சுகிர்தத்த உனக்குத் தெரியாது. உன்னைக் கட்டிக்குடுத்து அனுப்புன பொறவு வாக்கப்பட்டு வந்தவ. எங்க வேதக்கோயில்ல ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்குடுப்பா. அவளுக்குச் சொல்லிக்குடுத்தது உபதேசியார் வேதக்கண்ணு. பாதிரி ஐயரு எப்பவாவது வந்து நற்கருணை குடுத்துட்டுப் போவாவ. மத்த நாளெல்லாம் கோயிலக் கட்டிக்கிட்டு அழுதது உபதேசியாருதான்.

வேதப்புஸ்தகத்த எழுத்துக்கூட்டி வாசிச்சவ, அவியட்ட உக்காந்து உக்காந்து, ஒரு வசனத்துக்கு ஒம்பது கேள்வி கேக்க ஆரம்பிச்சிட்டா. அவியளும் வாயால பதில் சொல்லுத ஆளு இல்ல. ஒருக்க, "தாழ்மைன்னா என்னய்யா?"ன்னு கேட்டிருக்கா. அவ இடுப்புல இருந்த தண்ணிக் கொடத்த வாங்கி, தன் தோள்ல வச்சு, அவ வீடு வரைக்கும் கொண்டு இறக்கிட்டு வந்துட்டாவ. அவ புருசன் பாத்துட்டு, "உபதேசியாருக்கு வேற சோலி இல்லயா"ன்னு கேட்டான். அவன் செங்கச் சூளைல வேல பாக்கவன். கொடம் சுமக்குததெல்லாம் அவனுக்குப் பாடமாத் தெரியுமா?

என்ன சொல்லிட்டு இருந்தேன்? ஆங், எரிச்சல்.

சுகிர்தத்துக்கு ஒரு ஓரகத்தி, மூத்தவன் பொஞ்சாதி, கனகபாய். ஒரே வீட்ட நடுவுல சுவரு வச்சுப் பிரிச்சு, இந்தப் பக்கம் இவ, அந்தப் பக்கம் அவ. முத்தம் பொது. துணி காயப்போடுத கொடியும் பொது. அந்தக் கொடியாலதான் எல்லாம்னு நான் சொல்லுவேன்.

அப்பதான் ஓடைக்கரைல ஒரு ஜெபக் கொட்டகை வந்துச்சு. பாஸ்டர் ஜெப்ரின்னு ஒருத்தரு. வெள்ளச் சட்டை, வெள்ளப் பேண்ட்டு, வெள்ளச் செருப்பு. நம்ம ஊரு செம்மண்ணுல வெள்ளச் செருப்பு ராஜம்! அவரு மைக்கப் பிடிச்சா ஊரே அதிரும்.

எங்க கோயில்ல மைக்கு வந்த கதை தெரியுமா உனக்கு? மணியடிக்குத தாசையன் அத அணைக்காமப் போட்டுட்டு, பலிபீடத்துக்குக் கிட்ட ஏறி நின்ன ஆட்ட, "எறங்கு சனியனே, உங்கப்பன் வீடா?"ன்னு வஞ்சிட்டான். ஊரு பூராக் கேட்டுது. ஐயரத்தான் வையுதான்னு நெனச்சு ரெண்டு பேரு அடிக்க ஓடியாந்துட்டாவ.

சரி, சரி, விடு. ஜெப்ரின் பாஸ்டரு என்ன சொல்லுவாருன்னா, விசுவாசம் இருந்தா வீட்டுல தெரியும்பாரு. வீட்டுல குறை இருந்தா விசுவாசத்துல குறைம்பாரு. "மாத்திரை இருக்குத வீட்டுல இயேசு எங்க உக்காருவாரு?"ன்னு கேப்பாரு. சனம் கை தட்டும்.

கனகபாய் அங்க போனா. முழங்கால் வலி போயிட்டுன்னு மேடைல ஏறிக் குதிச்சா. குதிச்சத நானும் பாத்தேன், இல்லங்கல. அதுல இருந்து அவளுக்கு ஒரே ஏறுமுகம். மவன் துபாய்க்குப் போனான். அவன் வெல்டிங் படிச்சு, எழுதிப் போட்டு, அலையா அலைஞ்சு போனவன், அது வேற கதை. வீட்டுக்கு ஃபிரிட்ஜு வந்துச்சு. கொடில புதுப் புடவையாத் தொங்கும். பழசெல்லாம் அவ பக்கத்துல, புதுசெல்லாம் சுகிர்தம் வாசலுக்கு நேரா. இவ கதவத் தொறந்தா முந்தானை மூஞ்சில அடிக்கும்.

மத்தியானம் ஆனா ஒரு தம்ளரோட வந்து நிப்பா. "குடி சுகிர்தம், ஃபிரிட்ஜு தண்ணி. எங்கூட வந்திருந்தா உனக்கும் உண்டும்லா?"

"எனக்குச் சளி பிடிக்கும்க்கா"ன்னு இவ திருப்பி விட்டுருவா. சளியும் இல்ல, ஒண்ணும் இல்ல. பொறவு பானைத் தண்ணிய மொண்டா, தொண்டைல எறங்காதாம். எங்கிட்ட அவளே சொன்னா.

அதோட போயிருந்தா பரவால்ல. சுகிர்தத்துக்கு ஒரே மக, பியூலா. வலிப்பு உள்ள பிள்ளை. மிஷன் ஆஸ்பத்திரி மாத்திரைய காலைலயும் சாயங்காலமும் குடுத்தா மான்குட்டி மாதிரி ஓடும். ஒருக்க, ஊருக்கே சோறு போடுத அசனப் பண்டிகை அலைச்சல்ல குடுக்க மறந்துட்டா. சோத்துப் பந்திலயே பிள்ளை விழுந்து, பல்லக் கடிச்சு, புருவத்துல கல்லு குத்திக் கிழிஞ்சிட்டு. அந்தத் தழும்பு இன்னைக்கும் இருக்கு.

அந்தப் பிள்ளை மேல கனகபாய் கண்ணு விழுந்துச்சு. "ஞாயித்துக்கிழமை பியூலாவக் கூட்டிட்டு வா. பாஸ்டர் தலைல கை வைப்பாரு. நீ மேடைல ஏறி, பிள்ளைக்குச் சொகமாயிட்டுன்னு சாட்சி சொல்லி, மாத்திரைய எல்லாரும் பாக்க ஓடைல எறிஞ்சிரு. பொறவு கொட்டகைப் பிள்ளைகளுக்கெல்லாம் நீதான் டீச்சர். உனக்குத் தனி மைக்கு."

"சொகமாயிட்டுன்னு எப்பிடிக்கா தெரியும்?"

"முதல்ல சொல்லணும். பொறவு ஆகும். அதான் விசுவாசம்."

இவ சரின்னுட்டா ராஜம். பெத்த பிள்ளையாச்சேன்னு பதறாத. எரியுத வயித்துக்கு யோசனை இருக்குமா?

சனிக்கிழம சாயங்காலம் உபதேசியார் வீட்டு முத்தத்துக்கு வந்தா. கைல மாத்திரை அட்டை. அவிய படில உக்காந்து சொளவுல அரிசி புடைச்சிட்டு இருந்தாவ. முத்தத்துல செவலைக் கோழி ஒண்ணு, வெள்ளைக் கோழி ஒண்ணு. ஓரமாப் பஞ்சாரத்துக் கூடைக்குள்ள, குஞ்சு பொரிச்ச கருப்பி.

"அய்யா, நாளைக்கு நான் கொட்டகைக்குப் போறேன்."

"போ."

"ஏன்னு கேக்க மாட்டியளா?"

"நீயே சொல்லுவ."

"பியூலாவுக்குச் சொகமாகணும்."

"ம்."

"அவரு ஜெபிச்சா ஆகுமாம்."

"ம்."

"ம்முன்னா என்னய்யா அர்த்தம்?"

"இன்னும் நீ சொல்லலன்னு அர்த்தம்."

அவ்வளவுதான், பொங்கிட்டா. "எனக்கு வயிறு எரியுதுய்யா! மழைன்னு பாக்காம, வெயிலுன்னு பாக்காம நான் கோயிலுக்கு வந்தேன். ஒரு பொய் சொன்னதில்ல. எனக்கு என்ன வந்துச்சு? அவ ஒரு குதி குதிச்சா, வீடு நெறஞ்சிட்டு. காலைல கதவத் தொறந்தா அவ புடவை. மத்தியானம் அவ தண்ணி. ராத்திரி சுவத்துக்கு அந்தப் பக்கம் அந்த ஃபிரிட்ஜு உர்ருன்னு உறுமுது. காதப் பொத்துனாலும் கேக்குது!"

"எரிச்சல்."

"ஆமா, எரிச்சல்தான். அது பாவம்னு சொல்லப் போறிய. ஏன்ய்யா, கர்த்தரே தன்ன எரிச்சலுள்ள தேவன்னு சொல்லலியா? அவருக்கு ஆகும்னா எனக்கு ஆகாதா?"

முருங்கக்கொப்பு என் கைல அப்படியே நின்னுட்டு. நான்லாம் செத்தாலும் அப்பிடிக் கேக்க மாட்டேன்.

உபதேசியாரு கோவப்படல. "அந்த வார்த்தைய யாரு சொல்லிக்குடுத்தா?"

"நீங்கதான்."

"சொல்லித்தான் குடுத்தேன். காட்டித் தரல. என் தப்புதான், நில்லு."

சொளவுல இருந்து ஒரு கை அரிசிய அள்ளி, செவலைக்கு முன்னால போட்டாவ. இன்னொரு கை அள்ளி, வெள்ளைக்கு முன்னால போட்டாவ. ரெண்டுக்கும் ஒரே அளவுதான். செவலை குனிஞ்சு ஒரு கொத்து கொத்துச்சு. தலையத் தூக்கிப் பாத்துச்சு. வெள்ளை திங்கு. அவ்வளவுதான், தன் அரிசியக் காலால மிதிச்சுச் செதறடிச்சிட்டு, ரோமத்தச் சிலுப்பிக்கிட்டு அங்க ஓடுச்சு. கொத்துனா கொத்து, அப்பிடிக் கொத்து. வெள்ளை வேலிக்குள்ள நொழஞ்சிட்டு. செவலை அங்ஙன நின்னு கொக்கரிக்கு, திங்கவும் இல்ல. இங்ஙன கெடந்த அரிசியக் குருவி வந்து பொறக்கிட்டுப் போவுது.

"இது என்ன சுகிர்தம்?"

அவ தலையக் குனிஞ்சுக்கிட்டா. "எரிச்சல்."

அவிய எந்திரிச்சுப் போயி, பஞ்சாரத்த ஒரு பக்கமாத் தூக்கி, உள்ள கைய விட்டாவ, ஒரு குஞ்ச எடுக்குத மாதிரி.

கருப்பி சாதுவான கோழி ராஜம். அந்த வீட்டுப் பூனை கூட அது பக்கத்துல படுத்துக் கெடக்கும். அது அன்னைக்கு விரிச்ச செட்டைய நீ பாத்திருக்கணும். பஞ்சாரம் பூரா செட்டைதான். குஞ்செல்லாம் எங்க போச்சுன்னே தெரியல, அத்தனையும் அடில. புறங்கைல ஒரே கொத்து. அவிய கைய எடுக்கல. மறுபடி கொத்துச்சு. எடுக்கல.

"கைய எடுங்கய்யா! ரத்தம் வருது!"

பொறவுதான் எடுத்தாவ. பஞ்சாரத்த மெதுவாக் கவுத்தாவ. சுகிர்தம் முந்தானையக் கிழிச்சுக் கட்ட வந்தா. அவிய கையக் குடுக்கல.

"இது என்ன?"

"இதுவும்... எரிச்சல்தான்."

"எது கர்த்தரோடது?"

அவ நாடிய நீட்டிப் பஞ்சாரத்தக் காட்டுனா.

"அப்ப நாளைக்கு அவருக்கு யாரு மேல எரிச்சல் வரும்?"

"கனகபாய் மேல"ன்னா. கொஞ்சம் யோசிச்சு, "இல்லன்னா அந்தப் பாஸ்டர் மேல"ன்னா. எனக்குச் சிரிப்பு வந்துட்டு. அந்த நேரத்துலயும் ஓரகத்திதான் முதல்ல வாரா பாரு.

உபதேசியாரு ரத்தம் ஒழுகுத கைய அவ முன்னால நீட்டுனாவ.

"கருப்பி செவலையக் கொத்தல. வெள்ளையையும் கொத்தல. குஞ்ச எடுக்க வந்த கையத்தான் கொத்துச்சு. நாளைக்குப் பியூலாவ மேடைக்குப் பிடிச்சிட்டுப் போற கை யாரு கை சுகிர்தம்?"

அவ தன் கையப் பாத்தா. அதுல மாத்திரை அட்டை இருந்துச்சு. அப்பிடியே திரும்பி நடந்துட்டா. உபதேசியாரும் போயி, செதறிக் கெடந்த அரிசியக் கூட்டி அள்ள ஆரம்பிச்சிட்டாவ. நான் கீரையோட வந்துட்டேன். அன்னைக்குக் குழம்புல உப்பு போட மறந்து, உங்க அண்ணங்கிட்ட வசவு வாங்குனது தனி.

மறுநாள் காலைல கோயிலுக்குக் கெளம்பும்போது, கொடில தொங்குன புடவைய விலக்கிட்டு, பியூலாவையும் கூட்டிக்கிட்டு, கனகபாய் வாசல்ல போயி நின்னிருக்கா.

"அக்கா, ஒரு தம்ளர் ஃபிரிட்ஜு தண்ணி தா."

கனகபாய்க்கு வாயெல்லாம் பல்லு. "இப்பவாவது கேட்டியே! எதுக்கு, பாஸ்டருக்கு முன்னால தொண்டை வறளுமோன்னா?"

"பிள்ளைக்கு மாத்திரை போட."

"இன்னைக்கு எறியப்போற மாத்திரைல்லா அது?"

"பிள்ளை முழுங்குத மாத்திரைக்கா."

கனகபாய் உள்ள போயிக் கொண்டாந்து குடுத்திருக்கா. அந்தத் தம்ளர்ல ஒரு வாசம் அடிச்சிச்சாம். தைல வாசம். விடியக்காலம் யாருக்கும் தெரியாம முழங்காலுக்குத் தேய்க்குத தைலம். கைல இருந்து தம்ளர்ல ஏறிருக்கு. சுகிர்தம் அவ முகத்தப் பாத்திருக்கா. கனகபாய் தரையப் பாத்திருக்கா.

"நல்லாச் சில்லுன்னு இருக்குக்கா"ன்னு சொல்லி, பிள்ளை குடிச்சது போக மிச்சத்தத் தானும் குடிச்சிட்டு, தம்ளரத் திருப்பிக் குடுத்துட்டு வந்துட்டாளாம்.

அன்னைக்கு அவ கோயில்ல பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திட்டு இருக்கா, ஓடைக்கரை மைக்கு எங்க ஜன்னல் வழியா வருது. "சகோதரி சுகிர்தம் மேடைக்கு வரவும். சகோதரி சுகிர்தம்!" பிள்ளைகளெல்லாம் அவளையே பாக்கு. "டீச்சர், உங்க பேரு!"ன்னுது ஒண்ணு. அவ போயி ஜன்னலச் சாத்திட்டு வந்து, விட்ட எடத்துல இருந்து பாட்ட ஆரம்பிச்சா. பியூலா முன்வரிசைல உக்காந்து கூடப் பாடுச்சு.

என்ன, அதுக்கு அப்புறம் எரியவே இல்லயாங்கியா? எரியாமலா? புடவை இன்னும் அங்ஙனதான தொங்குது! நான் கேட்டேன் அவகிட்ட. "எரியும்போதெல்லாம் புறங்கையப் பாத்துக்கிடுவேன் சித்தி"ன்னா.

உபதேசியார் கைத் தழும்ப நீ பாத்ததில்ல, அதான் கட்டிவிடுதேங்க. அவிய சவப்பொட்டில கெடக்கும்போது கூட அந்தக் கைதான் மேல இருந்துச்சு.

காபி ஆறுது, குடி ராஜம்.

ஆத்தாடி, தூறல் விழுது. எங்க என் பேத்தி? ஏட்டி பெனிலா! போனக் கீழ வச்சிட்டு வெளிய போ. கோழியையும் குஞ்சுகளையும் பஞ்சாரத்தோட உள்ள கொண்டா. மெதுவாட்டி, கையப் பாத்து உடு!