காப்புக்கட்டுக்குப் பூத்த ஆவாரை

முன்னொரு காலத்தில் மருதக்கோட்டையை ஒரு ராஜா ஆண்டுவந்தார். பிடித்தால் பிடிதான். ராணி வீராயியை அரைநாள் வழியிலுள்ள பாறைக்கரடு என்ற குன்றோர ஊரிலிருந்து கட்டிக்கொண்டு வந்தவர், மூன்று வருஷமாகத் தாய்வீட்டுக்கு அனுப்பவில்லை. கரடெல்லாம் மஞ்சளாக ஆவாரை பூத்துக் கிடக்குமே என்று அவள் ஏங்கி இளைத்துப்போனாள்.

"ஆவாரைதானே? செடியை இங்கே கொண்டுவருகிறேன். பொங்கலுக்கு முதல் நாள் வாசலில் ஆவாரைக் கொத்துக் கட்டுவோமே, அந்தக் காப்புக்கட்டு நாளுக்குள் பூத்தால் ஊர்ப்பேச்சே எடுக்கக் கூடாது. பூக்காவிட்டால் பொங்கலுக்குப் போய்வா" என்றார் ராஜா.

மந்திரி கொற்றனாரைக் கண்டால் ஆகாத தோட்ட அதிகாரி நஞ்சப்பர் முந்திக்கொண்டார். "பூக்க வைக்கிறேன் பிரபு. மந்திரியால் முடியாதது என்னால் முடியும்."

கரட்டிலிருந்து செடியைப் பெயர்த்துவந்து அரண்மனைத் தோட்டத்தில் நட்டு, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார். இலைதான் தழைத்தது. மொட்டைக் காணோம். ஆனால் பொங்கலுக்கு முதல் நாள் காலையில் செடி முழுக்க மஞ்சள் பூ. வீராயி ஆசையாக ஓடிவந்தாள். பந்தயம் நினைவுக்கு வந்ததும் கண் கலங்கி நின்றாள்.

கொற்றனார் மெதுவாகக் கேட்டார். "உங்கள் ஊரில் காப்பு எப்படிக் கட்டுவீர்கள் தாயே?"

"கொத்தா ஒடிச்சு, மூணு தரம் உதறிட்டுக் கட்டுவோம். பூச்சி பொட்டு இருக்கும்ல."

"நஞ்சப்பரே, பூக்க வைத்த கையாலேயே முதல் காப்பைக் கட்டும்."

"ராணியார் கட்டட்டுமே."

"ஏன் ஓய், கை சுளுக்கா? ஒடியும்" என்றார் ராஜா.

நஞ்சப்பர் ஒடித்தார். ஒரு உதறுதான். பூவெல்லாம் கீழே கொட்டின. ஒவ்வொரு காம்பிலும் தேன்மெழுகு ஒட்டியிருந்தது.

"எங்கே பறித்தீர்?" ராஜாவின் குரல் ஏறியது.

"ராணியார் ஊர்க் கரட்டில், பிரபு."

வீராயிக்குக் கோபம்கூட வரவில்லை. "அங்க நிறையப் பூத்திருக்கா?" என்று நஞ்சப்பரிடமே கேட்டாள்.

அந்தக் கேள்வியில் ராஜாவின் தலை குனிந்துபோனது. "வண்டி கட்டுங்கள். நஞ்சப்பர் இந்தச் செடியைத் தலையில் சுமந்து பின்னாலேயே போய், எடுத்த இடத்தில் நடட்டும்."

வண்டி கிளம்பும்போது ராஜா கேட்டார்: "எப்போது திரும்புவாய்?"

"பூ ஓயட்டும் ராசா, வந்துர்றேன்."

கொற்றனார் தொண்டையைச் செருமினார். "கரட்டு ஆவாரை வருஷம் முழுக்கப் பூக்கும் அரசே."

அவள் இல்லாமல் மூன்று நாள்கூடத் தாங்காது என்று ராஜாவுக்குத் தெரிந்துவிட்டது. முத்திரை மோதிரத்தைக் கழற்றிக் கொற்றனார் கையில் வைத்தார்.

"நாட்டை நீர் பார்த்துக்கொள்ளும்" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார். வீராயி நகர்ந்து இடம் கொடுத்தாள்.