பாதிப் பார்வை

மாசில்லாமணிக்கு அறுபது தாண்டிவிட்டது. சபையின் போதகரான ஆயரம்மா லீதியாளுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. ஆனாலும் செவ்வாய்க்கிழமை மாலை வேத வகுப்பில் ஆயரம்மாதான் குரு, மாசில்லாமணி மாணவர்.

செம்மணல் தேரிக்காட்டு ஓரத்துச் சபைக்கு ஆயரம்மா வந்த புதிதில், அவருக்கு ஸ்கூட்டர் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவர் மாசில்லாமணி. "ரோட்டுல நான் சொன்னதை நீங்க கேட்டீய. இங்க நீங்க சொல்லுததை நான் கேக்கேன்" என்று சிரிப்பார்.

ஞாயிறுதோறும் நடக்க முடியாத முதியவர்களைச் சபை வேனில் ஏற்றி வருவதும் அவர்தான்.

ஒரு வருஷம் அவருக்குக் கண் மங்கத் தொடங்கியது. கண்ணில் அழுத்தம் கூடி நரம்பு கெட்டுப்போயிருக்கிறது என்றார் மருத்துவர். சொட்டு மருந்தை ஒரு நாளும் விடக்கூடாது, வண்டி ஓட்டக்கூடாது என்றும் சொன்னார்.

அடுத்த வாரம் மாசில்லாமணி வெளியூரில் ஒரு கூட்டத்துக்குப் போனார். மேடையில் பேசியவர், நோயின் பெயரைச் சொன்னால் நோய்க்கு இடம் கொடுத்ததாகும், வேண்டியதை நடந்துவிட்டதாகவே வாயால் அறிக்கையிடுங்கள் என்றார். மாசில்லாமணிக்கு அது பிடித்துப்போயிற்று.

அன்றிலிருந்து காலையில் கண்ணாடி முன் நிற்பார். "என் கண் தெளிவாயிருக்கிறது. என் பார்வை கழுகின் பார்வை" என்று உரக்கச் சொல்வார். மருந்துப் புட்டியை அலமாரியின் மேல்தட்டில் தூக்கி வைத்துவிட்டார். மருந்து ஊற்றினால் கண் சரியில்லை என்று அவரே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடுமே!

"பொத்தானை மாத்திப் போட்டிருக்கீயளே" என்றாள் மனைவி தர்மகனி ஒருநாள்.

"அவிசுவாசமாப் பேசாத!"

அதன்பின் அவள் எதுவும் கேட்பதில்லை. காபி டம்ளரை அவர் கைக்குப் பக்கத்தில் சத்தமில்லாமல் நகர்த்தி வைப்பாள். நகர்த்துவது அவருக்குத் தெரியும். தெரியாதவர்போல எடுத்துக் குடிப்பார்.

ஒரு ஞாயிறு, அவர் ஓட்டிவந்த வேன் ஆலய வாசலில் திரும்பும்போது தூணில் மோதியது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. பின்னால் இருந்த பாக்கியத்தாய்க்கு மட்டும் மூக்குக்கண்ணாடி கீழே விழுந்து நொறுங்கியது.

"நீ என்னய்யா செய்வ, ரோடு அப்படி" என்றாள் கிழவி. மற்றவர்களும் ஆமாம் ஆமாம் என்று ரோட்டைத் திட்டினார்கள்.

ரோட்டில் ஒரு குறையும் இல்லை. மாசில்லாமணிக்கு அன்று சோறு இறங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை.

"அம்மா, நம்மளைப் பத்தி நல்லதாவே சொல்லிக்கிட்டிருந்தா அது அப்படியே நடக்கும்னு சொல்லுதாவளே. வேதத்துல அதுக்கு இடம் இருக்கா, இல்லையா?"

"நீங்க என்ன நினைக்கீங்க, அண்ணாச்சி?"

"இருக்குன்னுதான். பலவீனன் தன்னைப் பலவான்னு சொல்லட்டும்னு தீர்க்கதரிசி சொல்லியிருக்காரே."

"யாரைப் பார்த்துச் சொன்னார்?"

மாசில்லாமணி அதை யோசித்ததில்லை.

"சண்டைக்குக் கிளம்புற ஜனங்களைப் பார்த்து. பலவான்னு சொல்லிக்கிட்டு வந்தவங்க ஜெயிச்சதா அங்க எழுதலை" என்றார் ஆயரம்மா.

"அப்போ நாக்குக்குப் பலமே இல்லையா?"

"ஏன் இல்லை? அவிசுவாசம்னு நீங்க சொன்ன ஒரே வார்த்தையில தர்மகனி அக்கா பேச்சையே விட்டுட்டாங்களே. முன்னெல்லாம் என்னைப் பார்த்தா உங்களைப் பத்தி ஒரு மணி நேரம் பேசுவாங்க."

மாசில்லாமணி தலையைக் குனிந்துகொண்டார்.

ஆயரம்மா வேதப்புத்தகத்தைத் திறந்து அவர் கையில் கொடுத்தார்.

"பெத்சாயிதா ஊர்க் குருடன் கதை. வாசிங்க."

மாசில்லாமணி பக்கத்தின்மேல் முகத்தை வைத்துக்கொண்டு நினைவிலிருந்து சொன்னார். "ஆண்டவர் அவன் கையைப் பிடிச்சு ஊருக்கு வெளிய கூட்டிட்டுப் போனார். கண்ணுல உமிழ்ந்து, கையை வச்சார். அவன் எல்லாத்தையும் தெளிவாக் கண்டான்."

"நடுவுல ஒரு கேள்வி வருமே. அதை வாசிங்க."

அவர் குனிந்து பார்த்தார். எழுத்தெல்லாம் மழையில் நனைந்த கோலம்போலக் கரைந்து கிடந்தது. ஆயரம்மா காத்திருந்தார். பிறகு புத்தகத்தை மெல்ல வாங்கி மூடிவைத்தார்.

"கையை எடுத்துட்டு, 'ஏதாவது தெரியுதா?'ன்னு கேக்கிறார். அவன் என்ன சொன்னான்?"

மாசில்லாமணிக்கு ஞாபகம் வந்தது.

"மனுஷங்க நடக்காவ. மரம் மாதிரித் தெரியுதாவ."

"தொட்டவர் ஆண்டவர். கேக்கிறவரும் அவர்தான். மரியாதைக்காவது, 'நல்லாத் தெரியுது ஆண்டவரே'ன்னு சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தா?"

வெளியே யாரோ ஆட்டை அதட்டிக்கொண்டு போனார்கள். மாசில்லாமணி மூடியிருந்த புத்தகத்தின்மேல் கையை வைத்தார்.

"மரத்தைப் பாத்துக்கிட்டே வீட்டுக்குப் போயிருப்பான்."

"உண்மையைச் சொன்னதுக்கு ஆண்டவர் கோவிச்சாரா?"

"இல்ல. திரும்பவும் கையை வச்சார்."

சொன்னவர் ஆயரம்மா இருந்த பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"அம்மா, நீங்க இருக்கிறது தெரியுது. முகம் தெரியலை."

ஆயரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு, அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"அன்னைக்குத் தூணும் தெரியலை. ரோடு நல்லாத்தான் இருந்தது" என்றார் மாசில்லாமணி.

"தெரியும், அண்ணாச்சி. வேன் ஓட்ட வேற ஆள் பார்த்துட்டேன். நீங்க முன்சீட்டுல இருக்கணும். எந்த வீட்டுல யாரைக் கைபிடிச்சு இறக்கணும், யாரைத் தூக்கணும்னு அவனுக்கு என்ன தெரியும்?"

அவருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

இருட்டத் தொடங்கியிருந்தது. ஆயரம்மா அவர் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிவந்தார். எப்போதும் கையை உதறிவிடுகிறவர், அன்று உதறவில்லை. "இங்க ஒரு படி" என்று ஆயரம்மா சொன்ன இடத்தில் காலைத் தூக்கி வைத்தார்.

வாசல் விளக்கின் கீழே தர்மகனி நின்றிருந்தாள். கொஞ்சம் தள்ளியே மாசில்லாமணி நின்றுவிட்டார்.

"அம்மா, எனக்கும் திரும்பக் கை வைப்பாரா?"

"எனக்குத் தெரியாது, அண்ணாச்சி."

அந்தப் பதில் அவருக்கு ஏனோ ஆறுதலாக இருந்தது.

"அப்போ நாளைக்குக் காலைல எந்திச்சதும் நான் என்ன சொல்லட்டும்?"

"அக்காகிட்ட, மருந்தை ஊத்துன்னு சொல்லுங்க."

"அதுக்கப்புறம்?"

"அவங்க ஊத்தும்போது கண்ணைத் திறந்து வச்சுக்கோங்க."