படத்துக்கு ஒரு பக்கம்

ஆற்றங்கரைக் கல்லூரி ஒன்றில் சிற்பக்கலை கற்பித்து வந்தார் பேராசிரியர் வடமலையப்பன். ஓய்வு பெற இரண்டே ஆண்டுகள் இருந்தன. வாழ்நாளெல்லாம் சேர்த்த நாற்பது சிற்பப் படங்களைப் பாடமாக்கிக் கல்லூரியின் இணையதளத்தில் ஏற்றினார். பார்வையற்ற மாணவி செம்மலரும் கற்க வேண்டுமே! கணினி வாய்விட்டு வாசிக்கும்படி, படத்துக்கு ஒரு பக்கம் விளக்கமும் எழுதி வைத்தார்.

முதற் படத்தின் விளக்கத்தைச் செம்மலர் மூன்று முறை கேட்டாள். வெள்ளிக்கிழமை அவரைத் தேடி வந்தாள்.

"ஐயா, அந்தத் தூணில் உள்ள பெண் நிற்கிறாளா, உட்கார்ந்திருக்கிறாளா?"

அவர் தாம் எழுதியதை எடுத்துப் பார்த்தார். நூற்றாண்டு இருந்தது. மன்னன் பெயர் இருந்தது. கல்லின் வகைகூட இருந்தது. அவள் நிற்பது மட்டும் இல்லை.

"திங்கட்கிழமை வேறு பாடத்துக்கு மாறிவிடுகிறேன், ஐயா. கோபித்துக்கொள்ளாதீர்கள்."

கோபம் வரவில்லை. கேள்வி ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மறுத்தது. அதைச் சுமந்துகொண்டு கோமளவல்லியிடம் போனார்.

கோமளவல்லிக்கு முப்பது வயது. பிறவியிலேயே பார்வையில்லை. கணினிவழிப் பாடங்களை எல்லார்க்கும் எட்டும்படி அமைப்பது எவ்வாறு என்று ஆசிரியர்களுக்கே வகுப்பு நடத்துபவர். அவ்வகுப்பின் முதல் வரிசை மாணவர் வடமலையப்பன்தான்.

"அம்மா, ஒரு படத்தைப் பற்றி எவ்வளவு சொல்வது? எதை விடுவது?"

"நாளைக் காலை பெருமாள் கோயிலுக்கு வாருங்கள், ஐயா."

மறுநாள் புரட்டாசிச் சனி. பெருமாளுக்குப் பூவாலேயே அங்கி சாற்றும் நாள். ஆண்டுக்கு ஒருமுறை, அதுவும் சில நாழிகைதான். கொடிமரத்தருகே கூட்டத்தில் சிக்கிய வடமலையப்பன், முட்டி மோதிச் சந்நிதி வாசலை எட்டியபோது திரை விழுந்தது. அடுத்து அது விலகும்போது பூவங்கியைக் களைந்திருப்பார்கள்.

உள்ளிருந்து கோமளவல்லி வந்தார். பட்டர் காதோடு சொல்லச் சொல்லச் சேவித்தவர். கையில் துளசி.

"அம்மா! பெருமாள் எப்படி இருந்தார்?"

"கருங்கல் திருமேனி. ஏழடி உயரம். கருவறை பழையது, முன்மண்டபம் பிற்காலத் திருப்பணி."

"அது எனக்குத் தெரியாதா! முப்பது ஆண்டாக நான் சொல்லிக் கொடுப்பதல்லவா? இன்று எப்படி இருந்தார்?"

"வழிபாடு வைகானச ஆகம முறைப்படி..."

"விளையாடாதீர்கள், அம்மா. இனி ஓராண்டு காத்திருக்க வேண்டும். அங்கி என்ன பூ?"

"தோளிலிருந்து கணுக்கால் வரை மல்லிகை. ஓரத்துக்கு மட்டும் மரிக்கொழுந்து."

"மார்பில் தாயார் தெரிந்தாரா?"

"தாமரை இதழ் அகலத்துக்கு இடம் விட்டிருந்தார்கள். தெரிந்தார்."

"திருவடி?"

"இரண்டையும் பூ மூடியிருந்தது. வலப்பக்கத்துப் பெருவிரல் மட்டும் வெளியே."

வடமலையப்பனின் கைகள் தாமே குவிந்தன. கண்கள் மூடிக்கொண்டன. பின்னால் வந்தவர்கள் இடித்தார்கள். "வழியை விடுங்க சாமி" என்று ஒருவர் சலித்துக்கொண்டார். வடமலையப்பன் நகரவில்லை.

வெளிப் பிராகாரத்துக்கு வந்ததும் அவர் மறுபடி கேட்டார்.

"என் கேள்விக்கு நீங்கள் இன்னும் விடை சொல்லவில்லையே, அம்மா. திங்களுக்குள் நாற்பது படத்துக்கும் எழுதியாக வேண்டும். இல்லையென்றால் அந்தப் பெண் போய்விடுவாள். எவ்வளவு எழுதட்டும்?"

"திரைக்கு வெளியே நின்று என்னென்ன கேட்டீர்கள்?"

அவர் விரல் மடக்கி எண்ணினார்.

"அங்கி. தாயார். திருவடி. மூன்று."

"நான்காவதாக ஒன்று ஏன் கேட்கவில்லை, ஐயா?"

வடமலையப்பன் வாயெடுத்தார். "மூன்றிலேயே பெருமாளைச் சேவித்துவிட்டேனே, அம்மா!"