மலிவுக் காய்கறிச் சங்கத்து வெண்டைக்காய்

ஏமம்பாளையத்தில் மூளைக்குத்தான் பஞ்சம், சங்கங்களுக்கு இல்லை. கடைக்காரர்கள் விலையை ஏற்றிக்கொண்டே போனதும், நாற்பது குடும்பங்கள் சேர்ந்து மலிவுக் காய்கறிச் சங்கம் தொடங்கின. தோட்டத்திலேயே மொத்தமாக வாங்குவது, ஞாயிறுதோறும் கூலியில்லாமல் உழைத்துப் பிரித்துக் கொடுப்பது. திட்டத்தில் ஒரு குறையும் இல்லை. ஆட்கள்தான்.

முதல் ஞாயிறு மூன்று மூட்டை வெண்டைக்காய் ஏற்றிவிட்ட தோட்டக்காரர், “ஒடிச்சுப் பார்த்து எடுத்துக்கங்க. பட்டுனு ஒடிஞ்சா பிஞ்சு, வளைஞ்சா முத்தல்” என்றார்.

தலைவர் நாச்சிமுத்து அதை அப்படியே விதிப் புத்தகத்தில் ஏற்றினார். பத்துத் தொண்டர்கள் வரிசையாக உட்கார்ந்து மூன்று மூட்டையையும் ஒவ்வொன்றாக ஒடித்தார்கள். ஒடிந்தது மலையாகக் குவிந்தது. ஒடியாதது ஒரு கூடை.

அப்போது துளசிமணி பையோடு வந்தாள். அவள் மகளைப் பெண் பார்க்க அன்று மதியம் வருகிறார்கள். ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. இலையில் வைக்க வெண்டைக்காய்ப் பொரியலைத்தான் நம்பியிருந்தாள்.

“ஏனுங்கண்ணா, நாலு கிலோ போடுங்க.”

செயலாளர் கருப்பண்ணன் கூடையிலிருந்து அள்ளினார்.

“இது முத்தலுங்க! கயிறுதான் திரிக்கணும். அந்தப் பிஞ்சைப் போடுங்க.”

“அது ஒடிஞ்சு போச்சும்மா. உடைஞ்ச சரக்கை உறுப்பினருக்குத் தரக்கூடாது. விதி நாலு.”

“நான் எப்படியும் அரியத்தானுங்களே போறேன்?”

இப்படி ஒரு சிக்கல் வருமென்று யாரும் எதிர்பார்த்திருக்கவில்லை. உடனே அவசரக் கூட்டம்.

“ஒட்டிக் கொடுத்துட்டா என்னுங்க?” என்றார் கருப்பண்ணன்.

நாச்சிமுத்து கண்ணை மூடி யோசித்தார். “ஒட்டினா அது புதுக் காய். புதுக் காயை மறுபடி ஒடிச்சுப் பார்க்கணுமேப்பா.”

கூட்டம் தலையாட்டியது. மணி பத்தரை. துளசிமணிக்கு அழுகை முட்டியது. அடக்கிக்கொண்டு கேட்டாள்.

“மாட்டுக்குத் தரலாங்களா?”

தலைவர் புத்தகத்தைப் புரட்டினார். “மாடு உறுப்பினர் இல்லையே. தாராளமாத் தரலாம்.”

“அப்போ எங்கூட்டு மாட்டுக்கு நாலு கிலோ போடுங்க.”

அவள் வீட்டில் மாடு கட்ட முளைக்குச்சிகூடக் கிடையாது. ‘தீவனம், துளசிமணி வீடு’ என்று கருப்பண்ணன் எழுதிக்கொண்டார்.

பொரியல் பிரமாதமாக அமைந்தது. வந்த ஏழு பேரும் மறுசோறு வாங்கினார்கள். “பிஞ்சாப் பார்த்துப் பொறுக்கியிருக்கீங்க” என்று மாப்பிள்ளையின் அம்மாவே சொல்லிவிட்டாள். துளசிமணிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. வாசலில் நாச்சிமுத்துவும் கருப்பண்ணனும் நின்றார்கள்.

“தீவனம் போய்ச் சேர்ந்துச்சான்னு பார்க்க வந்தோம். விதி ஒம்பது.”

துளசிமணிக்கு வந்த மூச்சு நின்றுபோனது. இருவரும் கொல்லையைச் சுற்றிவந்தார்கள், மாட்டைக் காணோம். கூடத்தை எட்டிப் பார்த்தார்கள். ஏழு தலைகள் இலைமேல் குனிந்திருந்தன.

“கருப்பண்ணா, தீவனம் யாருக்குக் கொடுத்தோம்?” தலைவர் கிசுகிசுத்தார்.

“மாட்டுக்குங்க.”

“அதைத் தின்னுட்டிருக்கிறது?”

கருப்பண்ணன் விரல்விட்டு எண்ணி எழுதினார்: ‘மாடு ஏழு. எல்லாம் நன்றாக மேய்கின்றன.’

கை கழுவி வந்த மாப்பிள்ளையின் அப்பாவிடம் கையெழுத்துக்கு நோட்டை நீட்டினார். எழுதியிருந்ததைப் படிக்க அவரிடம் மூக்குக்கண்ணாடி இல்லை. சாப்பாட்டைப் பற்றி நாலு வார்த்தை கேட்கிறார்கள் போலிருக்கிறது என்று, ‘முழுத் திருப்தி. வரும் மாதமே நிச்சயம் வைத்துக்கொள்ளலாம்’ என்று பெரிதாக எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

கருப்பண்ணன் நோட்டைத் தலைவரிடம் காட்டினார்.

“அண்ணா, மாடு எழுதுதுங்க!”

தலைவர் கொஞ்சமும் அசரவில்லை.

“எழுதத் தெரிஞ்சா சங்கத்துல சேர்த்துருப்பா.”