மல்லன் பேரில் வந்த ஆடு

முன்னொரு காலத்தில், அழுகிறவனிடம் வரி வாங்கி, சிரிக்க வைக்கிறவனுக்குச் சம்பளம் கொடுத்த நாடு ஒன்று இருந்தது. அந்தச் சம்பளத்தை வாங்கியவன் விகடன் மருதையன். சபையில் அவன் வாயைத் திறந்தால் தூணும் சிரிக்கும். வீட்டுக்கு வந்தாலோ, இன்றைக்குச் சிரித்த ராஜா நாளைக்கும் சிரிப்பாரா என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். எதையும் மூன்று முறை கணக்குப் பார்ப்பான். மூன்றும் ஒத்து வந்துவிட்டால், எங்கோ தப்பு இருக்கிறது என்று நான்காம் முறையும் பார்ப்பான்.

ஒரு நாள் ராஜாவுக்கு வேட்டை ஆசை வந்தது. குதிரை வியாபாரி ஒருவன் காணிக்கையாகக் கொடுத்திருந்த மல்லன் என்ற நாயையும் கூட்டிப் போனார். கன்றுக்குட்டி உயரம், வீச்சரிவாள் போல வால். காட்டில் முயல் ஒன்று மல்லனின் முதுகிலேயே ஏறித் தாண்டி ஓடியது. மல்லன் கொட்டாவி விட்டது. ராஜா சிரித்த சிரிப்பில் குதிரை மிரண்டது.

மறுநாள் சபையில், "மருதையா, இந்த அரண்மனையில் என்னை வயிறு நோகச் சிரிக்க வைப்பவர் இருவர். ஒருவன் நீ, மற்றது இந்த நாய். இருவரும் ஒரே வீட்டில் இருங்கள். மல்லனை உனக்குப் பரிசளித்தோம்" என்றார்.

சபை கைதட்டியது. கருவூல அதிகாரி சண்பகராயர் மட்டும் எழுந்து நின்றார். "கருவூலத்துக்குப் பூட்டு எதற்கு, ராயர் குறுக்கே படுத்தாலே போதுமே" என்று முன்பு ஒருமுறை மருதையன் அவர் தொந்தியைச் சொல்லிச் சபையைச் சிரிக்க வைத்திருந்தான். அந்தச் சிரிப்பு ராயரின் காதில் இன்னும் ஓயவில்லை.

"அரசர் பெருமானே, அரண்மனை நாய்க்கு நாள்தோறும் ஓர் ஆடும் இரண்டு படி பாலும் அளந்து வருகிறோம். விகடன் வீட்டில் அது எலும்பும் தோலுமாகிவிட்டால், ஊர் பழிப்பது விகடனை அல்லவே?"

ராஜாவின் புருவம் ஏறியது. "உண்மைதான். மருதையா, கேட்டுக்கொள். அரண்மனையில் எப்படி உண்டு வளர்ந்ததோ, அப்படியே உன் வீட்டிலும் உண்டு வளர வேண்டும். அடுத்த பௌர்ணமியன்று சபைக்குக் கொண்டு வா. குறை கண்டால் உனக்குப் பதவியும் இல்லை, நாம் கொடுத்த வீடும் இல்லை."

மருதையன் சிரித்தபடி வணங்கினான். மல்லனின் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு புறப்பட்டான்.

வீட்டுக்கு வந்ததும் புளியங்கொட்டைகளைத் தரையில் பரப்பினான். கொட்டைக்கு ஒரு பணம். மாதச் சம்பளம் முப்பது கொட்டை. ஆடு ஒன்றுக்கு மூன்று கொட்டை வீதம் எடுத்து வைத்துக்கொண்டே போனான். பத்தாம் நாள் கணக்கோடு தரை காலியாகிவிட்டது. பால் வாங்கவில்லை. உண்ணிக்குப் பூச எண்ணெய் வாங்கவில்லை. அவனும் பெண்டாட்டியும் சாப்பிடவே இல்லை.

"அப்போ பதினோராம் நாள் நாய் என்னத்தைத் திங்கும்?" என்று கேட்டாள் மனைவி பூங்காவனம்.

"அதான் தெரியலை."

"எனக்குத் தெரியுது. நம்மளைத்தான்."

மல்லன் வாலை ஆட்டியது. வேலிக்கு அந்தப் பக்கம் குயவர் காய வைத்திருந்த பானைகளில் நான்கு உடைந்தன.

"கொண்டாங்க நாலு கொட்டை" என்றாள் பூங்காவனம்.

வாய்க்குக் கணக்குப் போட்டோமே, வாலை மறந்துவிட்டோமே என்று மருதையன் தலையில் கை வைத்துக்கொண்டான். இன்னும் எதையெல்லாம் மறந்திருக்கிறோமோ!

ஆனாலும் அரச கட்டளை. கடன் சொல்லி ஓர் ஆடு வாங்கி, கறியை வாழையிலையில் குவித்து மல்லன் முன்னால் வைத்தான். மல்லன் அதைப் பார்த்தது. பின்வாங்கியது. இது யாருடைய சாப்பாடோ என்பது போலத் திரும்பித் திரும்பிப் பார்த்தது. பிறகு குவியலின் ஓரத்திலிருந்து ஒரே ஓர் எலும்பைத் திருடன் மாதிரி உருவிக்கொண்டு அடுப்படிக்குப் பின்னால் ஓடி, பூங்காவனம் வடித்து வைத்திருந்த கஞ்சியைச் சட்டியோடு நக்கிக் குடித்தது.

மருதையனுக்கு உயிரே இல்லை. வந்த அன்றைக்கே நாய்க்கு நோய்! குதிரை வைத்தியரை அழைத்தான். அதற்கு இரண்டு கொட்டை. வைத்தியர் நாயின் வாயைப் பிளந்து பார்த்தார்.

"நோயுமில்லை நொடியுமில்லை. கறி பழக்கமில்லாத நாய், அவ்வளவுதான். பல்லைப் பாரும், எலும்பு கடிச்சே தேஞ்சிருக்கு."

"ஐயா, இது அரண்மனை நாய். தினம் ஓர் ஆடு தின்ன நாய்."

"அப்போ ஆட்டைத் தின்ன பல்லு வேற யாரு வாயிலயோ இருக்கு" என்று சொல்லிவிட்டு வைத்தியர் போய்விட்டார்.

அன்றிரவு கறியை அண்டைவீட்டார் தின்றார்கள். மறுநாள் உச்சிக்கால மணி அடித்ததும் மல்லன் சங்கிலியை அறுத்துக்கொண்டு அரண்மனைப் பக்கம் ஓடியது. மருதையன் துரத்தி, மூச்சு வாங்கி, பாதி வழியில் விட்டுவிட்டான். தொலைந்தது நாய், தொலைந்தது வீடு என்று அவன் வாசலில் உட்கார்ந்திருக்கையில், மல்லன் வாயில் ஓர் எலும்போடு திரும்பி வந்தது. மருதையன் அந்த எலும்பை வாங்கி முகர்ந்தான். கிராம்பு மணந்தது. பட்டை மணந்தது. நாய்க்கு வேக வைக்கும் எலும்புக்கு யார் கிராம்பு போடுவார்கள்?

அன்று முதல் உச்சிப்பொழுதில் மல்லனை இரட்டைச் சங்கிலியில் கட்டினான். கஞ்சியும், கறிக்கடையில் கழித்த எலும்பும் கொடுத்தான். மல்லனின் உடம்பு மினுமினுத்தது, மருதையன்தான் இளைத்தான். அந்த எலும்பு யார் வீட்டு எலும்பு? அதைக் கேட்டு ஊரில் நடக்க முடியுமா? ராணியம்மாள் மாளிகையின் எலும்பாக இருந்துவிட்டால் பதவியோடு தலையும் போகுமே!

பௌர்ணமி வந்தது. மருதையன் மல்லனைச் சபைக்குக் கூட்டி வந்தான். சண்பகராயர் சபையில் முந்திக்கொண்டார்.

"அரசர் பெருமானே, சந்தையில் விசாரித்தாகிவிட்டது. இந்த விகடன் மாதம் முழுவதும் வாங்கியது ஒரே ஓர் ஆடு. அரச கட்டளையைக் காற்றில் விட்டுவிட்டான்."

"உண்மையா, மருதையா?"

"உண்மை, மகாராஜா." மருதையன் கை கூப்பினான். "ஆனால் ஆடு வாங்கு என்று தாங்கள் கட்டளையிடவில்லை. அரண்மனையில் எப்படி உண்டதோ அப்படியே உண்ண வேண்டும் என்றீர்கள். அப்படியேதான் உண்டது."

"அரண்மனையில் அது ஆடு உண்டது!" என்று ராயர் அதட்டினார்.

"நான் பார்த்ததில்லை, ராயரே. பார்த்தவர் ஒருவர் இருக்கிறார். அவருக்குப் பேச வராது, வழி காட்ட வரும். உச்சிக்கால மணி அடிக்கும்போது சங்கிலியை அவிழ்க்க மகாராஜா அனுமதிக்க வேண்டும்."

"நாயின் பின்னால் அரசர் ஓடுவதா! சபைக்கு இது அழகா?" என்று ராயர் மறித்தார்.

ராஜாவின் கண்ணில் குறும்பு மின்னியது. "வேட்டையில்தான் ஓடவில்லை. இன்றாவது ஓடுகிறதா பார்ப்போமே."

மணி அடித்தது. மருதையன் சங்கிலியை அவிழ்த்தான். மல்லன் முன்காலை நீட்டிச் சோம்பல் முறித்து, கொட்டாவி விட்டது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஒரு மாதமாகக் கட்டிப் போட்டதில் மறந்துவிட்டதோ என்று மருதையன் மல்லனைக் குனிந்து பார்த்தான். மணியின் கடைசி ஓசை அடங்குவதற்குள் மல்லனின் காது நிமிர்ந்தது. ஒரே பாய்ச்சல்!

நாய் முன்னால், ராஜா பின்னால், அவருக்குப் பின்னால் சபையே ஓடியது. ராணியம்மாள் மாளிகை வந்ததும் மல்லன் நின்றது. மருதையன் கண்ணை மூடிக்கொண்டான். திறந்து பார்த்தபோது அது வாசல் தூணருகே காலைத் தூக்கிவிட்டு மேலே நடந்துகொண்டிருந்தது. மதிலோரம் திரும்பி, பெரிய வீடு ஒன்றின் கொல்லைக் கதவுக்கு முன்னால் உட்கார்ந்து, வாலால் தரையைப் பெருக்கியது. உள்ளே கறி கொதிக்கும் வாசனை, கிராம்பும் பட்டையுமாக வந்தது.

கதவு திறந்தது. சமையற்காரி ஒருத்தி எலும்புச் சட்டியோடு வெளியே வந்தாள். ராஜா சுவரோரம் நின்றதால் அவள் கண்ணில் நாய் மட்டுமே பட்டது.

"அட மல்லா, வந்துட்டியாடா! எங்கடா போனே ஒரு மாசமா? ஆடு என்னவோ தினம் உன் பேரைச் சொல்லித்தான் வருது. எலும்பைத் தெருநாய்தான் திங்குது. எங்க ராயருக்குத்தான் எலும்பு ஆகாதே."

சட்டியைக் கவிழ்த்துவிட்டு நிமிர்ந்தவள் கிரீடத்தைக் கண்டாள். சட்டி கைநழுவி விழுந்தது.

ராஜா மெதுவாகத் திரும்பினார். "சண்பகராயரே, நாய் விகடன் வீட்டுக்குப் போய் ஒரு மாதமாகிறது. இந்த மாதத்து ஆடுகளைத் தின்ற நாய் எது?"

ராயர் தம் தொந்தியைச் சமையற்காரிக்குப் பின்னால் மறைக்கப் பார்த்தார். ராஜா முதலில் மீசைக்குள் சிரித்தார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து ஓய்ந்ததும் கருவூலச் சாவியை ராயரின் இடுப்பிலிருந்து அவிழ்க்கச் சொன்னார்.

"மருதையா, இனி அந்த ஆடு உனக்கே."

"ஐயோ, வேண்டாம் மகாராஜா! கறியைக் கண்டால் மல்லன் பயப்படுகிறது. கஞ்சிக்கும் எலும்புக்கும் எண்ணெய்க்குமாக மாதம் எட்டுப் பணம் போதும்."

"எட்டுத்தானா?"

"வாய்க்கு எட்டு. வாலுக்கு நான்கு."

குயவரின் பானைக் கதையைக் கேட்டு ராஜா மறுபடி சிரித்தார். "பன்னிரண்டு பணம், ராயர் சொத்திலிருந்து மாதாமாதம் வரும். போய் வா."

மருதையன் பத்தடி நடந்தான். நின்றான். விரல்களை மடக்கிப் பார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கித் திரும்பி வந்தான்.

"இன்னும் என்ன?"

"மகாராஜா, அதற்கு வயதாகும். பல் விழும். அப்போது பால் வேண்டும், மருந்து வேண்டும்..."

"பல் விழுந்தாலும் கண் மங்கினாலும், உயிர் உள்ளவரை அதற்கு ஒரு குறையும் வராது. இது நம் வாக்கு."

"எனக்கும் பல் விழுமே, மகாராஜா. பொக்கை வாயால் விகடம் சொன்னால் தாங்கள் சிரிப்பீர்களோ, மாட்டீர்களோ. அதனால், என்னையும் இன்றைக்கே நாய்க் கணக்கில் சேர்த்துவிட்டால் நிம்மதியாகத் தூங்குவேன்."

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் கழன்று விழுந்தது. மல்லன் அதை எலும்பென்று எண்ணி ஓடிப்போய் முகர்ந்து பார்த்து, கிராம்பு மணக்காததால் விட்டுவிட்டது. அன்றைக்கே ராஜா இருவர் பேரையும் அரண்மனைக் கணக்கேட்டில் ஒரே வரியில் சேர்க்கச் சொன்னார். மல்லன் பேர் முதலில் வந்தது. மருதையன் அதற்கு வருத்தப்படவில்லை. அன்றிரவுதான், எதையும் மறுபடி எண்ணிப் பார்க்காமல், அவன் படுத்த உடனே தூங்கினான்.